ஈயம் எடுத்த ஆசைகாட்டி

மசாரு வாயைத் திறந்தால் அது சோறு தின்னத்தான் என்று தீவின் ஹோனோகோஹாவ் துறைமுகத்தில் கேலி பேசுவார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. சோறு தின்னும்போதும் அவன் பாதிதான் திறப்பான். உப்புப்பழம் பொதித்த சோற்றுருண்டையை ஓரத்திலிருந்து கொறித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு "ம்". அந்த "ம்"மில் எத்தனை வகை உண்டு என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் படகுக்காரி உலுலானி.

படகு அவள் புருஷன் ஏபெல் வாங்கியது. மகள் பிறந்த வருஷம் வாங்கியதால் மகள் பெயரையே அதற்கும் வைத்தான்: நோஹேயா. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய் மார்லின் என்கிற பெரிய கொம்புமீனைப் பிடித்துக் காட்டுவது பிழைப்பு. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த ஏபெல் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்து, படகை என்ன செய்வது என்று யோசித்தபடி உலுலானி துறைமுகத்துக்குப் போனால், படகு கழுவித் துடைத்துப் பளிச்சென்று நிற்கிறது. பின்தளத்தில், ஏபெலிடம் கையாளாக இருந்த மசாரு குந்தி உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறான். "நாளைக்கு ஆளு வர்றாங்க, கேப்டன்," என்றான். அதுவரை அவன் கேப்டன் என்று கூப்பிட்டது ஏபெலை மட்டும்தான். அன்றைக்கு மேல்தட்டில் ஏறிச் சுக்கானைப் பிடித்தவள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக விடவில்லை.

மேல்தட்டில் இரண்டு இருக்கைகள். ஏபெல் இருந்தபோது சுக்கானுக்குப் பக்கத்து இருக்கை உலுலானியுடையது. அவள் சுக்கானுக்கு நகர்ந்த பிறகு அது காலி. ஒரு துவாலையும் காப்பிக் குடுவையும் அதில் கிடக்கும். படகு ஓடும்போது மசாரு ஒரு தடவைகூட ஏணியேறி அங்கே வந்ததில்லை. காப்பி வேண்டுமென்றால் ஏணியடியில் நின்று கோப்பையைத் தூக்கிக் காட்டுவான். அவள் குனிந்து ஊற்றுவாள்.

ஆசைகாட்டி கட்டுவது மசாருவின் வேலை. படகுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இழுத்துக்கொண்டு போகும் கட்டைகள் அவை. முள் கிடையாது. அடிபட்ட மீன் போலத் துடித்து, ஆழத்தில் திரியும் மார்லினை மேலே கிளப்பிக் கொண்டுவருவதோடு அவற்றின் சோலி முடிந்தது. மீன் வெறிகொண்டு பின்னால் வந்ததும், மேல்தட்டில் இருப்பவர் கயிற்று உருளையைச் சுற்றி ஆசைகாட்டியை அதன் வாய்க்கு எட்டாமல் இழுத்துவிட வேண்டும். ஏமாந்த கோபத்தில் அது திரும்புகிற நேரம், கீழே இருப்பவர் முள் கோத்த சூரை மீனை அதன் மூக்கருகே போட வேண்டும். ஒருத்தர் பறிக்க, ஒருத்தர் கொடுக்க. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மீன் போய்விடும். உலுலானி மேலேயிருந்து "இடது!" என்றோ "வலது!" என்றோ கத்துவாள். அவள் வாய் மூடுமுன் சூரை தண்ணீரில் இருக்கும்.

பௌலிங் கூடத்தில் பந்தடி பட்டுத் தேய்ந்து கழித்த கட்டைகளை மசாரு வாங்கி வருவான். கழுத்தில் சாய்வாகத் துளை போட்டு, அடிவயிற்றைக் குடைந்து ஈயக்கட்டி பதித்து, ஊதா வண்ணம் அடித்து, விலாவில் கண்ணாடிச் சில்லு ஒட்டி, வாலில் ரப்பர்க் குஞ்சம் கட்டுவான். தண்ணீரில் விட்டால் அது முங்கும், மூச்சு வாங்க மேலே வரும், இடுப்பை ஒடிக்கும், புகை விட்டமாதிரி குமிழி விட்டுக்கொண்டு மறுபடி முங்கும். மேல்தட்டிலிருந்து பார்க்க அப்படியொரு அழகு. இத்தனை வருஷம் பார்த்தும் உலுலானிக்கு அலுக்கவில்லை.

இப்போது நோஹேயா லாஸ் வேகாஸிலிருந்து வந்திருந்தாள். பாதித் தீவு அங்கேதான் குடிபோயிருக்கிறது. அவள் புருஷனுக்கு அங்கே ஓட்டலில் வேலை. இவளுக்கு ஆறு மாசம். படகை விற்றுவிட்டு அம்மாவைக் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறாள். உலுலானியும் சரியென்றுதான் சொல்லியிருந்தாள். சொன்ன நாளிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தது ஒரு ஆளின் ஒரே ஒரு வார்த்தைக்கு.

அதற்காகத்தான் புதன்கிழமை அவளே போய் அவனிடம் பேச்சை எடுத்தாள். துறைமுகத்தில் தன் பழைய வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் ஒரு கட்டையை வைத்து மசாரு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். எரிமலைப் புகை இறங்கி மலையே தெரியாத காலை.

"மசாரு, ஓவாஹுலேருந்து ஒருத்தர் படகைப் பார்க்க வர்றார். சனிக்கிழமை."

"ம்."

"பிடிச்சிருந்தா வாங்கிக்குவார்."

"ம்."

"நான் நோஹேயாவோட போயிடுவேன். சும்மா பார்க்க இல்ல. அங்கயே இருக்க."

உப்புத்தாள் நின்றது. மசாரு கட்டையைத் திருப்பினான், ஊதினான், தூசியை விரலால் துடைத்தான்.

"வேகாஸ்ல வெயில் ஜாஸ்தியாமே, கேப்டன்."

"ஆமா."

"தொப்பி எடுத்துட்டுப் போங்க."

உலுலானிக்கு அந்தக் கட்டையைப் பிடுங்கி அவன் தலையிலேயே ஒன்று போடலாம் என்று வந்தது. போடவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அடுக்களையில் சூரையை வகிர்ந்து, சோயாச் சாற்றிலும் இஞ்சியிலும் ஊறப்போட்டுக்கொண்டே மகளிடம் சொன்னாள். நோஹேயா வீங்கிய கால்களை ஐஸ்பெட்டி மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"தொப்பியா? தொப்பி எடுத்துட்டுப் போங்கன்னா சொன்னாரு?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. பிள்ளை குலுங்கும்."

"அம்மா, அங்கிள் மனசுல என்ன இருக்குன்னு துறைமுகத்து நாய்க்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன? அவன் சொல்லலையே."

"நீ கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? வருஷக்கணக்கா வாசல்ல மீனைத் தொங்கவிட்டுட்டுப் போறவனுக்குக் கதவைத் தட்டத் தெரியாதா? முள்ளில்லாத ஆசைகாட்டிடி அவன். பின்னாலயே வரும், ஆடும், குலுக்கும். ஒண்ணும் ஆகாது."

நோஹேயா மறுபடி சிரிக்கப்போனவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாங்காய்க் கொட்டையைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப என்னோட வந்துடும்மா. இங்க ஒத்தையில கெடந்து, அப்பா மாதிரி ஒரு நாள் படுத்து நீ எந்திரிக்கலைன்னா? எனக்கு யாரு போன் பண்ணுவா?"

"மசாரு பண்ணுவான்."

"பண்ணுவாரு. பண்ணி 'ம்'னுவாரு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாக்கில் உலுலானிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையெல்லாம் மீன், துடைக்க முடியவில்லை. நோஹேயா எழுந்து வந்து தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள். மகள் பக்கத்தில் நின்றபோது அந்த வயிறு உலுலானியின் இடுப்பில் முட்டியது. உள்ளே ஒரு உதை. அந்த உதைக்காகவே போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். அது வாயில்லாமல் உட்கார்ந்து கட்டை தேய்க்கிறது.

"சனிக்கிழமை பார்க்கறேன்," என்றாள். "அதுக்குள்ள அவன் ஒரு வார்த்தை சொல்லலைன்னா கையெழுத்துப் போட்டுடறேன். உன்னோட வந்துடறேன். சரியா?"

நோஹேயாவுக்கு அம்மாமேல் பாசமும் உண்டு, விற்கிற காரியத்திலும் கண். மறுநாளே மசாருவைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "அங்கிள், வாங்க வர்றவருக்கு ஒரு மீனாவது வந்து முகம் காட்டணும். நல்லாக் கட்டுங்க." மசாரு "ம்" என்றானாம். எந்த "ம்" என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாங்க வந்தவர் பெயர் ரஸ்ஸல் மெதேரோஸ். பக்கத்துத் தீவான ஓவாஹுவில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், நல்ல தொப்பை, எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருக்கும் வாய். கப்பல் மாதிரி ஒரு பெட்டியில் பன்றித் தொத்திறைச்சியும் வறுத்த சோறும் கட்டிக்கொண்டு ஏறினார். மீனைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; அதை அவரே சொன்னார். எஞ்சினைப்பற்றித் தெரியாதது எதுவுமில்லை. அதையும் அவரே சொன்னார்.

"ஆளு வச்சு ஓட்டிக்கறேன். ஆனா ராசி வேணும்ல? ஒரே ஒரு மீன் வந்து எட்டிப்பார்க்கட்டும். புடிக்கக்கூட வேணாம். அங்கயே கையெழுத்துப் போட்டுடறேன்."

"மீன் நான் கூப்பிட்டா வருமா?" என்றாள் உலுலானி.

"மசாரு கூப்பிட்டா வரும்னு துறைமுகத்துல சொல்றாங்களே!"

மசாரு சோற்றுருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் அதைத் தொடவே இல்லை.

மலை நிழல் விழுந்த கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கரையை விட்டு வெளியே வந்து நீர் கருநீலமானதும் உலுலானி வேகத்தைக் குறைத்தாள். கீழே மசாரு இரண்டு ஆசைகாட்டிகளையும் தண்ணீரில் விட, அவள் மேலிருந்து உருளையைத் தளர்த்திக் கொடுத்தாள். படகுக்குப் பின்னால் எழும் அலைகளில் இடது கட்டை மூன்றாவதில், வலது இரண்டாவதில். பிறகு வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்து, காப்பியை ஊற்றிக்கொண்டு, பார்க்க ஆரம்பித்தாள்.

வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தாள்.

இடப்பக்கத்துக் கட்டை முங்கவே இல்லை. மல்லாந்து விழுந்து, குடித்தவன் உருண்ட மாதிரி உருண்டு, வாலைத் தூக்கித் தண்ணீரில் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டு வந்தது. வலப்பக்கத்துக் கட்டை சுழன்றது. குமிழியும் இல்லை, புகையும் இல்லை, குஞ்சம் முறுக்கிக்கொண்டு பின்னலாகிக் கிடந்தது. இப்படியொரு அசிங்கத்தை அந்தப் படகின் பின்னால் அவள் பார்த்ததே கிடையாது. உடம்பு சரியில்லையோ அவனுக்கு என்றுதான் முதலில் பயந்தாள். கண் கெட்டுப்போச்சோ. கை நடுங்குதோ. ராத்திரி குடித்தானோ. அவன் குடிப்பதே இல்லை.

சுக்கானைப் பூட்டிவிட்டு இடப்பக்கத்து உருளையைச் சுற்றினாள். கட்டை படகோரம் வந்ததும் ஏணியில் இறங்கிப்போய் அதை எட்டி எடுத்தாள்.

ரஸ்ஸல், "என்ன, ஏதாவது சிக்கலா?" என்றார், சோற்றை மென்றுகொண்டு.

"பாசி சுத்தியிருக்கும். ஒண்ணுமில்ல."

கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு புது முடிச்சு, இழை இழையாக ஒட்டி, மசாரு போட்டதிலேயே நல்ல முடிச்சு. கழுத்துத் துளை மெழுகால் அடைத்து, தேய்த்து, மேலே வண்ணம் அடித்திருந்தது. புதிதாக நடுவில் ஒரு துளை. அடிவயிற்றில் ஈயம் இருந்த குழியும் அப்படியே. அடைத்து, இழைத்து, அதே ஊதாவைக் குழைத்து, இரண்டு பூச்சு. நகத்தால் நெருடினால்தான் தெரியும். கைத்தவறு இத்தனை நேர்த்தியாக இருக்காது. நாள் முழுக்க உட்கார்ந்து, மெனக்கெட்டு, உயிரைக் கொடுத்துக் கெடுத்திருக்கிறான்.

"மசாரு."

"ம்."

"இது யாரு கட்டினது?"

"நான்தான் கேப்டன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"தொறந்துக்கிட்டுதான்."

"ஈயம் எங்க?"

மசாரு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். இரண்டு ஈயக்கட்டிகளையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவன் பைச்சூட்டில் அவை வெதுவெதுவென்று இருந்தன. அவன் காது மடல் சிவந்திருந்தது. ஐம்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, கண்ணாடி உடைத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உலுலானிக்குப் புரிந்துவிட்டது. நோஹேயா நல்லாக் கட்டச் சொன்னதற்கு "ம்" என்றவன். வாழ்க்கையில் ஒரு கட்டையைக்கூடக் கோணலாகக் கட்டத் தெரியாதவன். அதைத் தெரிந்துகொண்டு கட்டியிருக்கிறான். சொல்லத் தெரியாததை அவன் செய்து காட்டிவிட்டான், அதுவும் அவள் ஒருத்தி உட்கார்ந்து பார்க்கிற பக்கமாக. அவளுக்குக் கோபமும் வந்தது. இதற்கு ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தக் கேடுகெட்ட கட்டையை அவள் அப்படியே மறுபடி தண்ணீரில் போட்டாள். ஈயத்தை மூடிய கையோடு ஏணியேறினாள். உருளையைத் தளர்த்தி அதைப் பழைய இடத்துக்கே போக விட்டாள்.

வெயில் ஏறியது. மலை உச்சியில் மேகம் கூடிக் காப்பித் தோட்டங்கள் மேல் இறங்கியது. ரஸ்ஸலுக்குச் சோறு தீர்ந்து, பொழுதும் போகவில்லை. "எஞ்சினையாவது பார்க்கறேன்," என்று பின்தளத்துப் பலகையைத் தூக்கி, டார்ச் விளக்கோடு இடுப்புவரை உள்ளே கவிழ்ந்துவிட்டார். வெளியே அவருடைய கால் இரண்டும்தான் தெரிந்தன. உள்ளே இரைச்சலில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

அப்போதுதான் வந்தது.

ஆசைகாட்டி எத்தனை அழகாக ஆடினாலும் வராத நாளில் வராது. வருகிற நாளில் செருப்பைக் கட்டி இழுத்தாலும் வரும். மீனுக்கு யார் சட்டம் போட முடியும்? இடப்பக்கத்துக் கட்டைக்குப் பின்னால் தண்ணீர் முதலில் பழுப்பானது. பிறகு நீலம் பற்றிக்கொண்டு எரிந்தது. அத்தனை பெரிய மார்லினை உலுலானி சில வருஷமாகப் பார்த்ததில்லை. கோபத்தில் அதன் விலாவில் பட்டை பட்டையாக ஒளி ஏறியிருந்தது. மூக்குக் கொம்பால் கட்டையை ஓங்கி ஒரு அடி அடித்தது. கட்டை எகிறி விழுந்தது. மறுபடி அடித்தது.

உலுலானியின் வாய் தானாகத் திறந்தது. "இடது" என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவள் கீழே பார்த்தாள்.

மசாரு எழுந்து நின்றான். அவன் கையில் முள் கோத்த சூரை தயாராக இருந்தது. வேலை என்று வந்தால் அவன் கை அவனையே கேட்காது. ஆனால் அவன் மீனைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு சொல் சொன்னால் போடுவான். போட்டால் ரஸ்ஸல் வெளியே வருவார், கையெழுத்து ஆகும், அவள் போவாள். எல்லாம் தெரிந்தும் சூரையைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்க சொன்னா சரி கேப்டன் என்கிற முகத்தோடு நின்றான்.

உலுலானி வாயை மூடினாள்.

மெதுவாக உருளையைச் சுற்றினாள். கட்டை மீனின் மூக்கிலிருந்து நழுவி, உருண்டு, துள்ளி, படகை நோக்கி வந்தது. மீன் கூடவே வந்தது, மசாரு கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்துக்கு. அதன் பெரிய கண் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு பேரையும் பார்த்தது. கட்டை நீரை விட்டு மேலே ஏறிவிட்டது. மீன் தேடிப் பார்த்தது, ஒன்றும் இல்லை. விலாவிலிருந்த ஒளி ஒவ்வொரு பட்டையாக அணைந்தது. பிறகு அது திரும்பி, அவசரமே இல்லாமல் ஆழத்துக்கு இறங்கிப் போய்விட்டது.

மசாரு சூரையை மெல்ல ஐஸ்பெட்டியில் வைத்தான்.

மூக்கில் கிரீஸோடு ரஸ்ஸல் வெளியே வந்தார். "தங்கமான எஞ்சின்! என்ன, ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை," என்றாள் உலுலானி.

அதோடு விட்டிருக்கலாம். மசாரு தொண்டையைச் செருமினான். "இந்தப் படகுக்கு மீன் வர்றது எப்பவுமே கொஞ்சம் குறைச்சல்தாங்க," என்றான். அவன் வாயிலிருந்து அத்தனை நீளமாக ஒரு பேச்சு வந்து உலுலானி கேட்டதே இல்லை. சிரிப்பை அடக்க அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அந்த மனுஷரை அதற்குமேல் ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"ரஸ்ஸல், மன்னிச்சுக்கங்க. படகை நான் விக்கலை. உங்க நாளை வீணாக்கிட்டேன். வீட்டுல சூரை காயப்போட்டிருக்கேன். வேணுங்கற மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"மீன் வரலைன்னு சங்கடப்படறீங்களா? அட, எனக்கு எஞ்சின் போதுங்க!"

"இல்லைங்க. நான் ஊரை விட்டுப் போகலை."

ரஸ்ஸல் மேலே பார்த்தார், கீழே மசாருவைப் பார்த்தார், மசாருவின் காதைப் பார்த்தார். எஞ்சின் தெரிந்த ஆள். சத்தம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். "காஞ்ச சூரைன்னா சோறு இருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அறைக்குள்போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

உலுலானி படகைக் கரைக்குத் திருப்பினாள். பக்கத்து இருக்கையிலிருந்த துவாலையையும் குடுவையையும் எடுத்துக் கீழே வைத்தாள்.

"மசாரு, மேல வா."

ஏணியடியில் கோப்பை உயர்ந்தது.

"காப்பி இல்ல. நீ வா."

கோப்பை கீழே இறங்கியது. பிறகு ஏணி கிரீச்சிட்டது. முதலில் தொப்பி வந்தது, பிறகு அவன். இருக்கையின் நுனியில், ஈரமாகிவிடுமோ என்கிற மாதிரி உட்கார்ந்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். வலப்பக்கத்துக் கட்டை இன்னும் தண்ணீரில் கிறுகிறுவென்று சுழன்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவன் கட்டி விட்டவை மேலிருந்து எப்படித் தெரியும் என்று அவன் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"கண்ணு கூசுது."

"நல்லாக் கட்டினா?"

"நல்லாக் கட்டினா, நான் காலையில எந்திரிக்கறதே அதைப் பார்க்கத்தான்."

மசாரு தலையைக் குனிந்துகொண்டான். உலுலானி ஈயக்கட்டிகளை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"கட்டையில சொன்னது எனக்குப் புரிஞ்சுது. ஆனா அது போதாது. வாயைத் தொறந்து சொல்லு."

துறைமுகத்து மதில் தெரிய ஆரம்பித்திருந்தது. மசாரு தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"போகாத, உலுலானி."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிக் கரை தெரியவில்லை. ஒரு கையால் துடைத்துக்கொண்டாள்.

"பிரசவத்துக்குப் போய்த்தான் ஆகணும். என் பேரப்பிள்ளை. ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்."

மசாரு யோசித்தான். "வெயில் ஜாஸ்தியாமே."

"தொப்பி எடுத்துட்டு வா."

அவன் சிரித்தான். முழு வாயையும் திறந்து சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே உலுலானிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, கீழ போய் அந்தக் கட்டையை எடு. துறைமுகத்துல பார்த்தா மானம் போகும்."

"ம்," என்றான் மசாரு.

ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. நுனியிலிருந்து உள்ளே நகர்ந்து, முதுகைச் சாய்த்து, நன்றாக உட்கார்ந்துகொண்டான். கட்டை சுழன்றுகொண்டே பின்னால் வந்தது. துறைமுகத்தில் அத்தனை பேரும் பார்த்துச் சிரித்தார்கள்.